பழைய வீடு வாங்குமுன் எந்த சர்வே செய்வது?

கேள்வி: நானும் என் கணவரும் இங்கிலாந்தில் எங்கள் முதல் வீட்டை வாங்க இருக்கிறோம். 1890களில் கட்டிய டெரஸ் வீடு, அதாவது பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியது. பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள்; கூரைக்கு அடியில் இருந்த லாஃப்டைப் படுக்கையறையாக மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் சொன்ன விலைக்கு விற்பவர் சம்மதித்துவிட்டார். கடன் தரும் வங்கி வேல்யுவேஷன் (வீட்டின் மதிப்பைக் கணிப்பது) செய்துவிட்டதால், வீட்டின் நிலையை ஆராயும் சர்வே தனியாக எதற்கு என்று ஏஜென்ட் கேட்கிறார். இடைநிலை சர்வேயான லெவல் 2 போதும் என்கிறார் உறவினர் ஒருவர். மிக விரிவான லெவல் 3-க்கு ஏறக்குறைய 1,000 பவுண்ட் கேட்கிறார்கள். டெபாசிட்டும், பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரின் செலவும் போக எங்கள் கையில் நிற்பது 7,000 பவுண்ட்தான். என்ன செய்வது?

பதில்: லெவல் 3 செய்துகொள்ளுங்கள். கையிருப்பு குறைவு என்பதால் நீங்கள் தயங்குகிறீர்கள். அது குறைவாக இருப்பதனால்தான் நான் இதை வலியுறுத்துகிறேன். சர்வேக்குக் கொடுத்தபின் உங்களிடம் 6,000 பவுண்ட் இருக்கும். சர்வே செய்யாமல் விட்டு, கூரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்பது குடிபோன பிறகு தெரியவந்தால், அந்த 7,000 பவுண்டும் போதாமல் போகக்கூடும். அப்போது விலையைப் பேசும் வாய்ப்பும் உங்களுக்கு இருக்காது.

முதலில் ஏஜென்ட் சொன்னதை எடுத்துக்கொள்வோம். வங்கி செய்யும் வேல்யுவேஷன் வங்கிக்கானது. நீங்கள் தவணை கட்டத் தவறினால் அந்த வீட்டை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்பதே அதன் கேள்வி. சில வேளைகளில் வீட்டுக்கு ஆளே போகாமல், கணினியில் உள்ள விற்பனை விவரங்களைக் கொண்டே அதை முடித்துவிடுகிறார்கள். ஏஜென்ட் விற்பவரின் தரப்பில் வேலை செய்பவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்குப் பொருத்தமான ஒரு வழக்கில் 1989-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எளிய வீடொன்றை வாங்கிய பெண், கடன் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட வேல்யுவேஷனை நம்பித் தனி சர்வே செய்யாமல் விட்டார். அறைக்குள் துருத்தி நிற்கும் புகைபோக்கிச் சுவரை முன்பிருந்தவர்கள் இடித்து அகற்றியிருந்தார்கள். மேலே எஞ்சிய புகைபோக்கிக்குத் தாங்கல் இருக்கிறதா என்று வேல்யுவேஷன் செய்தவர் பார்க்கவில்லை. பின்னர் அது சரிந்து, கூரையைப் பொத்துக்கொண்டு வீட்டுக்குள் விழுந்தது. அந்தப் பெண் வழக்கில் வென்றார் என்பது உண்மை. ஆயினும் இடிந்த வீட்டை வைத்துக்கொண்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போவதை யாரும் தம் பாதுகாப்பாகக் கருத முடியாது.

உங்கள் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது, கூரைக்கு மேல் புகைபோக்கி நிற்கும் பக்கத்தில், கீழ்த்தள அறையிலும் மாடியறையிலும் அந்தச் சுவர் துருத்திக்கொண்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். வெளியே புகைபோக்கி இருந்து உள்ளே சுவர் சமதளமாக இருந்தால், மேலுள்ள செங்கற்களின் பாரத்தை எது தாங்குகிறது என்பது நீங்கள் சர்வேயரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இனி லெவல்கள். சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். இவற்றை மூன்றாக வகுத்திருக்கிறது. முதலாவது மிகச் சுருக்கமானது; உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. லெவல் 2, வழக்கமான முறையில் கட்டப்பட்டு ஓரளவு நல்ல நிலையில் உள்ள வீடுகளுக்கானது. ஒவ்வொரு பகுதிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிலையைக் குறித்துக் கொடுக்கும். லெவல் 3-இல் சர்வேயர் கூடுதல் நேரம் செலவிட்டு, வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, குறைக்குக் காரணம் என்னவாக இருக்கலாம், எப்படிச் சரிசெய்வது, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுதுவார். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ கட்டி, மாற்றம் எதுவும் செய்யாத வீடாக இருந்தால் உங்கள் உறவினர் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

உங்களுடையதைப் போன்ற விக்டோரியா காலத்து வீட்டின் கதை வேறு. அதன் வெளிச்சுவர் பெரும்பாலும் நடுவே இடைவெளி இல்லாத முழுச் செங்கல் சுவர். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. உறிஞ்சிய ஈரத்தைப் பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகவே சுவர் வெளியே விடுகிறது. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தரைமட்டத்துக்குச் சற்று மேலே பதித்திருக்கும் துளைச் செங்கற்கள், மரத் தரைக்கு அடியில் காற்றோட்டத்துக்காக வைத்தவை. தோட்டத்தில் தளம் போடும்போது அவற்றை மூடிவிட்டால், உத்தரங்களின் முனைகள் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகலாம். சிவப்பு என்று ஒரு குறி மட்டும் இருந்தால் உங்களுக்குச் செலவு புரியாது. பூச்சை எடுத்தால் போதுமா, உத்தரத்தை மாற்ற வேண்டுமா என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும்.

லெவலைவிட ஆள் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு இணையத்தில் பதிவு செய்துவிடாமல், சர்வேயரோடு நேரடியாகப் பேசுங்கள். அந்தப் பகுதியின் பழைய வீடுகளில் பழக்கம் உண்டா, பழுதுக்கான உத்தேசச் செலவை அறிக்கையில் எழுதுவாரா, அறிக்கை வந்தபின் தொலைபேசியில் விளக்குவாரா என்று கேளுங்கள். செலவு மதிப்பீடு எல்லா லெவல் 3 அறிக்கையிலும் தானாக வருவதில்லை. முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். உங்கள் மனத்தை உறுத்துவதையும் சொல்லுங்கள்: அந்த லாஃப்ட், சமையலறை, எங்கேனும் கண்ட விரிசல்.

எந்த லெவலிலும் சர்வேயர் தரையைப் பெயர்க்கவோ சுவரைத் திறக்கவோ மாட்டார். மின்சாரத்தையும் எரிவாயுவையும் சோதிக்கவும் மாட்டார். வயரிங் பழையதாகத் தோன்றினால் பதிவுபெற்ற மின்பணியாளரின் சோதனையும், பின்கட்டு கழிவுநீர்க் குழாயின் மேல் எழுப்பப்பட்டிருந்தால் கேமரா விட்டுப் பார்ப்பதும் தனிச் செலவுகள். இவற்றை இப்போதே செய்யாமல், அறிக்கை சுட்டிக்காட்டினால் மட்டும் செய்யுங்கள். ஈரத்தை இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஈரத்தைத் தடுக்கச் சுவருக்குள் மருந்து செலுத்தும் வேலையை விற்பதே அவர்களின் பிழைப்பு. ஈரம் பற்றிக் கேட்க வேண்டுமென்றால், விற்க எதுவும் இல்லாத ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள்.

லாஃப்டுக்கும் சமையலறைக்கும் கட்டட விதிகளின்படி பெற்ற நிறைவுச் சான்றிதழ்கள் உள்ளனவா என்று சொலிசிட்டர் வழியாக இன்றே கேட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாத குறைக்குக் காப்பீடு எடுத்துத் தருகிறேன் என்று விற்பவர் சொல்லக்கூடும். அது அதிகாரிகளின் நடவடிக்கையால் வரும் இழப்புக்கானது. பலவீனமான உத்தரத்தை அது பலப்படுத்தாது.

விலைக்குச் சம்மதம் கிடைத்துவிட்டாலும், இங்கிலாந்தில் ஒப்பந்தப் பரிமாற்றம் (கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்வது) நடக்கும் வரை இரு தரப்பையும் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. (ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு, பெரும்பாலான வீடுகளுக்கு விற்பவரே சர்வே அடங்கிய அறிக்கையைத் தர வேண்டும்.) ஆகவே பரிமாற்றத் தேதி பற்றிப் பேச்சு எழுவதற்கு முன்பே அறிக்கை உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அதில் பெரிய பழுது இருந்தால், ஒப்பந்தக்காரர்கள் இருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேளுங்கள். வெறுமனே "வீட்டில் ஈரம் இருக்கிறதாம்" என்று சொல்வதற்கும் தொகை எழுதிய தாளை ஏஜென்டின் மேசையில் வைப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. விற்பவர் இறங்கி வராமல், உடனடிப் பழுதின் செலவும் 6,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் அதுவரை கொடுத்தது திரும்ப வராது. டெபாசிட் உங்களிடமே இருக்கும், அடுத்த வீட்டைத் தேடலாம்.