மாதவிடாய் நிற்கும் வயதில் பிரஷர்: டயாலிசிஸ் சிஸ்டரிடம் கேட்டவை

சிஸ்டர், வயது 49. தீட்டு நின்று ஒரு வருஷம் ஆகிறது. எப்போதும் 120/80 இருந்த பிரஷர் இப்போது 150/94. "இந்த வயசில் அப்படித்தான்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை ரத்தக் குழாய்கள் இளகி விரிந்து கொடுக்கும். அது குறைந்ததும் குழாய்கள் விறைக்கும், உப்பும் உடம்பில் கூடுதலாகத் தங்கும். வயதுதான் காரணம் என்றாலும் சிறுநீரகத்துக்கு அது தெரியாது. அங்கே வடிகட்டுவதே நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள்தான். அவை பழுதாகும்போது வலிப்பதும் இல்லை. டயாலிசிஸுக்கு வரும் எத்தனையோ பெண்கள் "எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே சிஸ்டர்" என்றுதான் அழுவார்கள்.

முதலில் வீட்டில் சரியாக அளந்து பாருங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி கழித்து, சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டுப் பட்டையைக் கட்டாதீர்கள். அந்தச் சுருட்டலே கையை இறுக்கி அளவைக் கெடுத்துவிடும். ஒரு வாரம் காலையும் இரவும் எழுதி வையுங்கள். சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

எனக்கு 50 வயது. கிரியாட்டினின் 1.2. லேப் சீட்டில் நார்மல் என்று இருக்கிறது. சரிதானே?

எனக்கு ரொம்பக் கவலை தரும் கேள்வி இது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வடிகட்டி வெளியேற்றும்; பெண்களுக்குத் தசை குறைவு. அதே 1.2, அதே 50 வயது ஆணுக்கு என்றால் வடிகட்டும் திறன், அதாவது ஈஜிஎஃப்ஆர், சுமார் 74. உங்களுக்கோ சுமார் 55. மூன்று மாதம் கழித்தும் 60க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். சீட்டில் ஈஜிஎஃப்ஆர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கூடவே சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் (ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் டெஸ்ட்) பார்த்துவிடுங்கள். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே பல நேரம் பழுது அதில் தெரிந்துவிடும்.

அக்கா, முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி, யூரினில் புரதம் போய், 34 வாரத்திலேயே குழந்தையை எடுத்தார்கள். இப்போது பிரஷர் இல்லை, மாத்திரையும் இல்லை.

நல்லது தங்கச்சி. ஆனால் அந்தப் பிரசவத்தை உடம்பு மறப்பதில்லை. பின்னாளில் பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம். வருஷம் ஒரு முறை பிரஷர், சிறுநீர், கிரியாட்டினின் பாருங்கள். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த குழந்தை என்றால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி அப்படிப் பிரஷர் ஏறாமலிருக்க, 12 வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது பற்றி அவர் முடிவு செய்வார்.

பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறேன். மாதவிடாய் வலிக்கு மூன்று நாளும் மெஃபனமிக் ஆசிட் போடலாமா?

வேண்டாம். அந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். பாராசிட்டமால், அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் என்று பாருங்கள். அப்புறம் ஒன்று: குழந்தைக்குத் திட்டமிட்டால் டெல்மிசார்ட்டனை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிவிட வேண்டும். கருவுக்கு ஆகாது.

இந்துப்பு நல்லதா?

அதுவும் சோடியம் உப்புதான். எந்த உப்பானாலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு'க்கு மட்டும் அவசரப்பட்டு மாறாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவர்களுக்கும் அது ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம்.