யாராவது கேட்டார்களா?

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறேன். மியன்மார் (பழைய பர்மா) ராணுவத்தின் மேல் தடையை இன்னும் இறுக்க வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நம் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, எங்கள் கம்பெனியில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பெண்கள்தான். எண்ணெய் வாங்கியது அவர்களா? தடை என்பதே பெரிய நாடுகள் செய்யும் ரவுடித்தனம். அதனால் எந்தத் தளபதியும் பட்டினி கிடந்ததில்லை. தவிர, அது அவர்கள் உள்நாட்டு விஷயம், நமக்கென்ன? எங்கள் தெருவிலேயே பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. அவர்களே அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு வாசகர், ஆம்பூர்

அன்புள்ள தம்பி,

அந்தப் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். பர்மாவிலும் இதேதான் நடந்தது. 2003இல் அமெரிக்கா பர்மியப் பொருள்களின் இறக்குமதியை மொத்தமாக நிறுத்தியது. அங்கே சட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் பல்லாயிரம் பேருக்கு வேலை போயிற்று. ஆனால் கடலுக்கடியிலிருந்து தாய்லாந்துக்குக் குழாயில் போன எரிவாயுவின் பணம் ராணுவத்துக்கு ஒருநாளும் நிற்கவில்லை. அதில் பங்கு வைத்திருந்த அமெரிக்க, பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனிகள் வெளியேறப்போவதாகச் சொன்னது 2022இல்தான். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் குழாயைத் திறந்து வைத்தால் அதற்குப் பெயர் தடையா?

அமெரிக்காவின் இரட்டை வேடம் தெரிந்த கதைதான். 2025 ஜூலையில் தளபதிகளுக்கு வேண்டிய சில கம்பெனிகளைத் தடைப் பட்டியலிலிருந்து அவர்களே நீக்கினார்கள், அடுத்த மாதம் நம் தலையில் வரி. இதில் உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் 'நமக்கென்ன' என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

வேலூர் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு ஆயா இருந்தார். தெருவுக்கே பர்மா ஆயா. ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கப்பலேறும்போது மூக்குத்தியைக்கூட கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று ஆயா சொல்வார். அந்தச் சில வருஷங்களில் இப்படி வெறுங்கையோடு வந்து இறங்கியவர்கள் லட்சக்கணக்கில்.

இங்கே வந்து பீடி சுற்றினார். மடியில் முறம். அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பி உருட்டி, நுனியை நகத்தால் உள்ளே தள்ளி நூல் சுற்றுவார். வாயும் ஓயாது, கையும் ஓயாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கட்டு எண்ணி அடுக்கிக் கொடுப்பேன். ஒருநாள் பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினார். மஞ்சள் துணிக்குள் ஏழு நூறு கியாட் நோட்டு, பர்மாவின் சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் படம் போட்டது. மடிப்பில் கிழியக்கூடாதென்று சுருட்டி வைத்திருந்தார். "செல்லாதுன்னு அவன்தானே சொன்னான், நான் சொல்லலையே" என்றார்.

2002 டிசம்பரில் நே வின் இறந்த செய்தியை பேப்பரில் படித்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். ஆயாவுக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. பீடி சுற்றுவதை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது, விரல் மட்டும் சும்மா இருக்கும்போதும் உருட்டிக்கொண்டே இருக்கும். அது நின்றது. "அவனை யார்னா இன்னான்னு கேட்டாங்களா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. கடைசியில் வீட்டுக்காவலில்தான் செத்தார், ஆனால் அது ஆட்சியைக் கவிழ்க்க மருமகனும் பேரன்களும் சதி செய்தார்கள் என்ற வழக்கால் வந்தது. ஆயாவின் கடை போன இரண்டே வருஷத்தில், 1966 செப்டம்பரில், வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஜான்சன் நே வினை வரவேற்றார். வைத்தியத்துக்கு வியன்னா போய்வந்தார். எந்த விமான நிலையத்திலும் யாரும் அவரை நிறுத்தவில்லை.

நான் கேட்பது அந்த நிறுத்தலைத்தான். ஆள் பெயர் எழுதி, கணக்கு எண்ணைப் பிடித்துப் போடும் தடை. ரோஹிங்கியா என்ற சிறுபான்மை முஸ்லிம்களைக் கொன்றதற்காக மியன்மார் ராணுவத் தலைவர் மின் ஆங் ஹ்லைங்கின் மேல் 2019இல் அமெரிக்கா அப்படி ஒன்று போட்டது. அவர் அடங்கவில்லை, 2021 பிப்ரவரியில் ஆட்சியையே பிடித்தார். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியில் பாசிஜி கிராமத்தில் கூடியிருந்த ஜனங்கள் மேல் விமானப்படை குண்டு போட்டதில் 160 பேருக்கு மேல் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அந்த மாதிரி விமானத்துக்கு எரிபொருள் விற்றது யார், உதிரிபாகம் அனுப்பியது யார், பணம் எந்த வங்கி வழியாகப் போயிற்று? இதைத் தோண்டினால் பலன் உண்டு. ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் அப்படித்தான் தோண்டினார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் 100 கோடி டாலருக்கு மேல் ஆயுதமும் தளவாடமும் போயிருந்தன. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரிலிருந்து 25.4 கோடி. சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியதும் அங்கிருந்து போவது வருஷத்துக்கு 11 கோடியிலிருந்து ஒரு கோடி சொச்சத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் தாய்லாந்து வங்கிகள் பக்கம் நகர்ந்தது, உண்மைதான். இருந்தாலும் வங்கிகள் வழியாக நடந்த மொத்தக் கொள்முதல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அதே பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது தம்பி. 5.1 கோடி டாலர். விற்றவர்களில் நம் அரசாங்கத்தின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் உண்டு. இது எப்படி அவர்கள் உள்நாட்டு விஷயம்? சரக்கு நம்முடையது, பில் நம்முடையது, விழுகிற பிணம் மட்டும் அவர்களுடையதா? ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிற உங்களுக்கே இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் யார் பெயருக்கு இறங்குகிறது என்பது காகிதத்தில் இல்லாமல் ஒரு ஜோடி ஷூகூட நகராது என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

வேலை போன பெண்களைத் திரும்ப எடுத்தார்களா என்று மறக்காமல் எழுதுங்கள். அப்புறம், உங்கள் தெருக்காரர்கள் பேசுவதில்லை என்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். ஏதாவது ஒரு டப்பா இருக்கும், திறந்து காட்டச் சொல்லுங்கள்.