பூட்லோடரை 0.9-லிருந்து 0.11-க்கு மாற்றியதும் கெர்னல் ஏன் ஓயாமல் ரீபூட் ஆகிறது?

காரைக்குடித் தம்பி, ரஸ்ட் மொழியில் எழுதும் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதை ஏற்றித் தொடங்கும் பூட்லோடரின் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. 0.11-ல் பூட்லோடர் க்ரேட் (ரஸ்ட் நூலகத் தொகுப்பு) இரண்டாகப் பிரிந்துவிட்டது. கெர்னலுக்கு பூட்லோடர் ஏபிஐ மட்டும் போதும். டிஸ்க் இமேஜைத் தனி பில்ட் ஸ்கிரிப்ட் உருவாக்கும். பழைய பூட்இமேஜ் கருவி தேவையில்லை. யூஇஎஃப்ஐ (புதிய கணினிகளின் தொடக்க மென்பொருள்), பயாஸ் (பழையவற்றின் தொடக்க மென்பொருள்) இரண்டுக்கும் இமேஜ் எடுக்கலாம். கல்லூரி ஆய்வகத்துப் பழைய கணினிக்குப் பயாஸ்தான்.

ரீபூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் விஜிஏ எழுத்துத் திரைக்கான பழைய 0எக்ஸ்பி8000 (0xb8000) முகவரி. இப்போது விஜிஏ எழுத்து முறை கிடையாது, பிக்சல் ஃபிரேம்பஃபர்தான் (திரையின் புள்ளிகளை வைத்திருக்கும் நினைவகம்). மேப் ஆகாத அந்த முகவரியில் எழுதினால் பேஜ் ஃபால்ட் (நினைவக அணுகல் பிழை). அதைப் பிடிக்க ஹேண்ட்லர் (பிழையைக் கையாளும் ஃபங்ஷன்) இல்லையென்றால் ட்ரிபிள் ஃபால்ட், அதாவது கணினியே ரீபூட் ஆகிவிடும். எழுத்துருவை நீங்களே பிக்சலாக வரைய வேண்டும். வரிசையைக் கணக்கிட அகலத்தை அல்ல, ஸ்ட்ரைடை (ஒரு வரிசைத் தொடக்கத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள இடைவெளி) பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சில திரைகளில் எழுத்து சாய்ந்து ஓடும்.

அடுத்த பொறி, இயற்பியல் நினைவக ஆஃப்செட் (நிஜ நினைவகம் மேப் ஆகியிருக்கும் தொடக்க முகவரி). அது இப்போது ஆப்ஷன், அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கான்ஃபிக்கில் மேப்பிங்கை டைனமிக் என்று கேட்டு, அந்தக் கான்ஃபிக்கை என்ட்ரி பாயின்ட் மேக்ரோவுக்கும் கொடுக்காவிட்டால் 'நன்' (None, மதிப்பு இல்லை) வரும், மதிப்பை எடுக்கும் அன்ராப் பேனிக் ஆகும் (பிழையோடு நிற்கும்). பூட்லோடர் தரும் பூட் இன்ஃபோவையும் 'மியூட்' (மாற்றக்கூடிய) ரெஃபரன்ஸாக வாங்குங்கள்.

திரை வேலை முடியும்வரை 0எக்ஸ்3எஃப்8 சீரியல் போர்ட்டில் அச்சிடுங்கள். க்யூஇஎம்யூ எமுலேட்டரில் சீரியலை டெர்மினலுக்குத் திருப்பினால் பேனிக் செய்தி கண்ணில் படும்.