டீச்சர் பதில்கள்: மலைக்கு இந்தப் பக்கம் மான், அந்தப் பக்கம் திமிங்கிலம்

கூர்ப்பு (பரிணாமம்) அலகைப் படிப்பிக்காமல் தாண்டிப் போகிற உயிரியல் ஆசிரியர் அந்த வாரச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஒரு வேகத்தில் எழுதியதுதான், ஆனால் வாபஸ் வாங்கவில்லை. வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு மாம்பூ உதிர்வதைப் பற்றியும் பூனை பிறாண்டியதைப் பற்றியும்தான் கடிதம் வரும். இந்த முறை அத்தனையும் டார்வின். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போடுகிறேன்.

எங்கள் ரியூசன் சேர் கூர்ப்பைத் தொடங்கும்போதே, "இது வெறும் கொள்கைதான். சோதனைக்கு எழுதுங்கள், மனதில் வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். நம்பாத ஒன்றைச் சோதனையில் எழுதலாமா டீச்சர்?
(உயர்தர மாணவி, உவர்மலை)

எழுதலாம் மகள், புள்ளி கிடைக்கும். ஆனால் சேரைக் "கொள்கை" என்ற சொல் ஏமாற்றிவிட்டது. கட்சிக்கும் கொள்கை இருக்கிறது, அது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். விஞ்ஞானத்தில் கலக்கொள்கை, அணுக்கொள்கை என்று சொல்வது அந்த அர்த்தத்தில் அல்ல. நிறையச் சான்றுகளைச் சேர்த்து விளக்கி, திரும்பத் திரும்பச் சோதித்தும் நிலைத்து நிற்பதைத்தான் அங்கே கொள்கை என்கிறோம். அணுக்கொள்கையை மனதில் வைக்காதே என்று சேர் சொன்னாரா?

சொல்லை விடுங்கள், எலும்புக்கு வாருங்கள். அடுத்த முறை வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்தால், இறைச்சிக் கடைக்காரரிடம் பின்காலைக் கணு மூட்டோடு சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். கொதித்துச் சதை கழன்றதும் மூட்டுக்குள் கட்டைவிரல் அளவில் ஓர் எலும்பு கிடைக்கும். மேலே ஒரு கிணற்றுக் கப்பி, கீழே ஒரு கிணற்றுக் கப்பி, இரண்டையும் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை என்று அந்தக் கூட்டத்தின் அடையாளம் அது. குதிரைக்கு மேல் கப்பி மட்டும்தான் இருக்கிறது. நாயின் எலும்பில் இந்த இரட்டைக் கப்பி இல்லவே இல்லை.

இப்போது திமிங்கிலம். அதற்குப் பின்கால் கிடையாது, ஆனால் தசைக்குள் புதைந்தபடி சின்ன இடுப்பெலும்புகள் இருக்கின்றன. காலே இல்லாத பிராணிக்கு அது எதற்கு? 1981 இல் பாகிஸ்தானில் கிடைத்த ஒரு மண்டையோட்டை விவரித்து பாக்கிசீட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய 5 கோடி ஆண்டு பழையது. காதெலும்பு திமிங்கிலத்துடையது, ஆனால் கிடைத்ததோ ஆற்றோரப் படிவில். அதற்குப் பிறகு மரபணுவைப் பார்த்தவர்கள் திமிங்கிலத்துக்கு மிகக் கிட்டிய சொந்தம் நீர்யானை என்றார்கள். எலும்பு பார்ப்பவர்களில் பலர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் வேறொரு ஊனுண்ணிப் பரம்பரையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2001 இல் பாகிஸ்தானிலிருந்தே கால் உள்ள பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் வெளிவந்தன. மேலே கப்பி, கீழே கப்பி. பிடிவாதம் பிடித்தவர்கள் தங்கள் பழைய கருத்தை விட்டார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. நம் திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையில் புள்ளிமான்கள் மேய்கின்றன. அப்படியே சுவாமி மலை உச்சிக்குப் போய்க் கடலைப் பார்த்தால், கரைக்குக் கிட்டவே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. நீலத் திமிங்கிலம் நம் கரைக்கு இவ்வளவு அருகே வருவது அந்த ஆழத்தால்தான். மலைக்கு இந்தப் பக்கம் நிற்பதும் அந்தப் பக்கம் நீந்துவதும் சொந்தக்காரர்கள்.

சேரைத் திட்ட எனக்கு அருகதை குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1985 இல் முதல் நியமனம். கூர்ப்பு தொடங்கிய வாரம் ஒரு பெற்றோர் வந்து அதிபரோடு கதைத்தார். "எதுக்கு டீச்சர் வீண் வம்பு, ஒரு கேள்விதானே வரும்" என்றார் அதிபர். நான் கரும்பலகையில் "இந்த அலகை வாசித்து வரவும்" என்று எழுதிவிட்டு மரபியலுக்குப் போய்விட்டேன். மூன்று வருடம் அப்படியே செய்தேன். சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

சேரோடு சண்டை வேண்டாம். அந்த எலும்பைக் கழுவிக் காயவைத்து, "இது என்ன சேர்?" என்று அவர் மேசையில் வைத்துப் பாருங்கள்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?
(சம்பூர்)

இந்த ஒரே கேள்வி ஒன்பது கடிதத்தில் வந்திருக்கிறது. உங்களுக்கும் உங்கள் பெரியம்மா மகனுக்கும் அம்மம்மா ஒருவர்தான். அதற்காக நீங்கள் அந்தப் பெரியம்மா மகனிலிருந்து பிறந்தீர்களா? நீங்கள் இருப்பதால் அவர் இல்லாமல் போக வேண்டுமா? நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது இன்றைய சிம்பன்சியும் அல்ல, இன்றைய மனிதனும் அல்ல.

புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று மாணிக்கவாசகர் அன்றே பாடிவிட்டார். வெள்ளைக்காரன் பிறகு வந்து கண்டுபிடித்தானாம். இதை ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
(சல்லி)

ஐயா, சிவபுராணம் எனக்கும் மனப்பாடம். மார்கழியில் விடியப்புறம் ஒலிபெருக்கியில் அது கேட்காவிட்டால் எனக்கு மார்கழியே இல்லை. ஆனால் அந்த வரிசையை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். புல், பூடு, புழு, மரம், பல்விருகம், பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், கணங்கள். புழுவுக்குப் பிறகு மரம், பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல். இதைக் கூர்ப்பு வரிசை என்று ஒரு பிள்ளை எழுதினால் நான் பூச்சியம்தான் போடுவேன்.

அவர் விலங்கியல் எழுதவில்லை. ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்துப்போன களைப்பைப் பாடுகிறார். கூர்ப்பில் ஓர் உயிர் இன்னொன்றாக மாறுவதே இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் மாறுகிறது. திருவாசகத்துக்கு டார்வினுடைய சான்றிதழ் எதற்கு? விஞ்ஞானம் நாளைக்கு ஒரு வரியைத் திருத்தும், அது அதன் வேலை. அப்போது திருவாசகத்தையும் திருத்துவீர்களா?

சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை என் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும்போது, இராவணன் வாளால் வெட்டிய கதையைத்தான் நானும் சொல்கிறேன். நல்ல கதை. புவியியல் வினாத்தாளில் அதை எழுதாதே என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தச் சண்டையெல்லாம் அமெரிக்கக் கிறிஸ்தவர்களுடையது. நம் பக்கம் ஏன் இழுக்கிறீர்கள்?
(நிலாவெளி)

அமெரிக்காவில் நிறைய நடந்தது உண்மை. 1925 இல் டெனசி மாநிலத்தில் கூர்ப்பைப் படிப்பித்த குற்றத்துக்காக ஓர் ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம் விதித்தார்கள். ஆனால் 2018 இல் டார்வின் சொன்னது விஞ்ஞான ரீதியாகப் பிழை, குரங்கு மனிதனாவதை யாரும் பார்க்கவில்லை என்று சொன்னவர் இந்திய மத்திய அரசின் கல்விக்கான இணை அமைச்சர். 2023 இல் அங்கே பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து கூர்ப்புப் பகுதியை எடுத்தபோது 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். துருக்கியிலிருந்து 2007 அளவில் ஐரோப்பியப் பாடசாலைகளுக்கு ஒரு தடித்த நூல் இலவசமாகப் போனது. உயிர்கள் மாறவே இல்லை என்று காட்ட அதில் போட்ட பூச்சிப் படங்களில் சில, மீன் பிடிக்கச் செய்த பொய் இரைகள். தூண்டில் முள் படத்திலேயே தெரிகிறது. நிலாவெளிப் பிள்ளை ஒன்று பார்த்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருக்கும்.

ஆதம் நபியை அல்லாஹ் மண்ணிலிருந்து படைத்தான் என்று நம்புகிற குடும்பம் நாங்கள். இந்தப் பாடம் மகளுடைய ஈமானைக் கெடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குறைந்தது இரண்டு பக்கத்தையும் சமமாகச் சொல்லிக் கொடுக்கலாமே டீச்சர்?
(ஒரு வாப்பா, கிண்ணியா)

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கோபம் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி.

இரண்டு பக்கம் என்கிறீர்கள். நான் படிப்பித்த வகுப்பில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் வேறு சபைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படைப்புக் கதை. எந்த இரண்டை எடுப்பது? 40 நிமிடப் பாடவேளையில் நான் எல்லோருடையதையும் சொன்னால் விஞ்ஞானத்துக்கு நேரம் இல்லை. உங்களுடையதை மட்டும் சொன்னால் மற்றப் பிள்ளைகளுடைய அப்பாமார் எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.

"இரண்டு பக்கம்" என்று கேட்டு நீதிமன்றம் வரை போன ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர். கூர்ப்பில் ஓட்டைகள் உண்டு, "அறிவார்ந்த வடிவமைப்பு" என்று வேறு விளக்கமும் உண்டு என ஒன்பதாம் வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று பாடசாலைச் சபை உத்தரவிட்டது. விஞ்ஞான ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். (1985 இல் நான் செய்ததை நினைத்து இந்த இடத்தில் எனக்கு இன்றும் வெட்கம்தான்.) பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கூர்ப்புக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர்.

சபை சிபாரிசு செய்த நூலின் பழைய வரைவுகளையும் தேடி எடுத்தார்கள். படைப்புவாதத்தைப் பொதுப் பாடசாலையில் படிப்பிக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1987 இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், "படைப்பு" என்ற இடத்திலெல்லாம் "வடிவமைப்பு" என்று மாற்றியிருக்கிறார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல், நடுவில் புதிய சொல் ஒட்டிக்கொண்டு நின்றது. பார்த்து எழுதுகிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் சுட்டெண்ணையும் சேர்த்து எழுதிய மாதிரி. 2005 டிசம்பர் 20 ஆம் திகதி 139 பக்கத் தீர்ப்பு வந்தது. இது விஞ்ஞானம் அல்ல, விஞ்ஞான வகுப்பில் இடமில்லை.

மகளின் ஈமானைக் கெடுப்பது ஆசிரியருடைய வேலை அல்ல. அதைச் செய்கிற ஆசிரியர் இருந்தால் நான் உங்கள் பக்கம். சோதனையில் "நீ நம்புகிறாயா" என்று கேள்வி வராது, சான்று என்ன என்றுதான் வரும். அவள் பாடத்தை முழுதாகப் படிக்கட்டும். வீட்டில் உங்களோடு வாதாடினால் வாதாடட்டும், வாப்பாவோடு கதைக்கிற பிள்ளை நல்ல பிள்ளை.

மருத்துவம் படிக்காத பிள்ளைக்கு இது என்ன சோறா போடும்?
(வெருகல்)

நான் பிறந்தது 1960 இல், தம்பலகாமத்தில். மலேரியாத் தடை இயக்கத்துக்காரர் பம்பியோடு வந்து வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. என்ற நுளம்பு மருந்தை அடிப்பார்கள், சுவரில் வெள்ளையாய்ப் படியும். 1963 இல் இலங்கை முழுவதற்கும் 17 மலேரியா நோயாளிகள்தான். நோய் ஒழிந்தது என்று தெளிப்பதைக் கைவிட்டார்கள். 1969 இல் ஐந்து லட்சத்துக்கு மேல். திரும்பவும் தெளிக்கப் போனால் நுளம்பு சாகவில்லை. 1970களில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள். அந்த நாற்றத்தை வெருகலில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மூக்கைச் சுளித்துக்கொண்டே சொல்வார்கள்.

எங்கள் அம்மா "நுளம்புக்கு மருந்து பழகிட்டுது" என்பார். பழகவில்லை. தாங்கும் தன்மையோடு பிறந்த சில நுளம்புகள் இருந்தன. மற்றவை செத்தன, இவை தப்பிப் பெருகின. இயற்கைத் தேர்வு என்று பாடநூலில் இருப்பது எங்கள் வீட்டுச் சுவரில் நடந்தது. நுளம்பு மாறும் என்று தெரிந்தவர்கள் மருந்தை மாற்றி மாற்றி, இரத்தம் சோதித்துச் சோதித்து வேலை செய்ததும் சேர்ந்துதான் 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

மதச்சார்பின்மை என்பது நாத்திகர்களுக்குத்தானே சரி? ஆலயமும் பள்ளியும் தேவாலயமும் நிறைந்த ஊரில் அது எதற்கு?
(ஓய்வுபெற்ற லிகிதர், பாலையூற்று)

நிறைந்திருப்பதால்தான் ஐயா. ஒரே மதக்காரர் வாழும் ஊருக்கு அது அவ்வளவு அவசரமாகத் தேவைப்படாது.

நம் நாட்டில் சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். சமய பாட மணி அடித்ததும் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு வேறு அறைக்குப் போவார்கள். சைவநெறி ஓர் அறை, இஸ்லாம் ஓர் அறை, கத்தோலிக்கம் மாமரத்தடியில். அதை நான் ஒருநாளும் எதிர்க்கவில்லை. அடுத்த மணி அடித்ததும் எல்லோரும் திரும்பி வந்து விஞ்ஞானத்துக்கு ஒரே அறையில் ஒன்றாக இருப்பார்கள். நான் கேட்பது அந்த இரண்டாவது மணியை விட்டுவைக்கும்படிதான்.

1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது, இன்றும் 9ஆம் உறுப்புரையாக நிற்கிறது. அரசு ஒரு மதத்தின் கையைப் பிடித்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே இரவோடிரவாகப் புத்தர் சிலை வந்தபோது இந்த ஊர் ஹர்த்தாலில் கடை பூட்டியது. பொது இடம் ஒரு மதத்துக்கு உரியதல்ல என்று அன்றைக்குச் சொன்ன அதே ஆட்கள், விஞ்ஞான வகுப்பில் மட்டும் தங்கள் வேதம் நுழைய வேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். நீங்கள் இல்லை, வேறு சிலர். கையெழுத்து எனக்குத் தெரியும், பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

டீச்சர் கடவுளை நம்புகிறீர்களா? ஒரு சொல்லில் பதில் வேண்டும்.
(மூதூர்)

முப்பத்தைந்து வருடம் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விடைத்தாளும் திருத்தியிருக்கிறேன், ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் கோயில் பாதையில் என்னைக் காணலாம். மான்களைப் பார்க்கவா, மேலே போகவா என்பதை வந்து நேரே கேளுங்கள்.

மாம்பூ உதிர்வதாக எழுதிய சாம்பல்தீவு வாசகருக்கு: கிளையையும் பூவையும் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.