எட்டாம் படியும் மூன்றாம் படியும்

கேள்வி: ருஷ்யச் சிறுகதைகளை எளியவர்களின் இலக்கியம் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். எழுதியவர்களோ பிரபுக்களும் பண்ணையார்களும். மாடியில் நின்று தெருவைப் பார்த்து இரக்கப்படுவது மேட்டுக்குடி இலக்கியம்தானே?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பாதி சரி. துர்கனேவின் தாயாரிடம் ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகள் இருந்தனர். 1852இல் நூலாக வந்த அவருடைய வேட்டைக்காரன் கதைகளில் கதைசொல்லி தோளில் துப்பாக்கியோடு வருகிறார், குடியானவர்களின் பேச்சைக் கேட்கிறார், கிளம்பிப் போய்விடுகிறார். அந்த இடைவெளி வாசிப்பவருக்குத் தெரியத்தான் செய்கிறது. ஆனால், செகாவை எந்த மாடியில் நிறுத்துவீர்கள்? அவருடைய தாத்தா பண்ணையடிமையாக இருந்து, 1841இல் பணம் கட்டி விடுதலை பெற்றவர்.

மேலும், இரக்கம் ஒன்றுதான் அக்கதைகளின் சரக்கு என்று நினைப்பது அவற்றைப் பாதியில் மூடிவைப்பதாகும். ருஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1722இல் அரசுப் பணியாளர்களை 14 படிகளாகப் பிரித்தார்; 1ஆம் படிதான் உச்சம், 14ஆம் படி அடிமட்டம். ஒவ்வொரு படிக்கும் இன்னவாறு விளிக்க வேண்டும் என்ற முறையும் இருந்தது. கோகோலின் ‘மேல்கோட்டு’ (1842) கதையில் வரும் எழுத்தர் 9ஆம் படி. பரம்பரைப் பிரபுப் பட்டம் அப்போது 8ஆம் படியில் கிடைத்தது என்பதால், அவர் நிற்பது சரியாகச் சுவருக்கு வெளியே. அவரை அதட்டும் ‘முக்கியப் புள்ளி’யோ, பதவி கைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே கண்ணாடி முன் நின்று அதட்டலை ஒத்திகை பார்த்தவர். இதில் மேலிருப்பவர் மீது என்ன பரிவு இருக்கிறது?

செகாவின் ‘பருத்தவனும் மெலிந்தவனும்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1883இல் பத்திரிகையில் வந்த வடிவத்தில் பருத்தவர் மெலிந்தவருக்கு நேரடி மேலதிகாரி; ஆகவே அந்த நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1886இல் தொகுப்புக்காகத் திருத்தும்போது அந்தக் காரணத்தையே செகாவ் எடுத்துவிட்டார். இப்போது அவர்கள் ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்திக்கும் பள்ளித் தோழர்கள், அவ்வளவுதான். மெலிந்தவர் 8ஆம் படி. பருத்தவர் தாம் 3ஆம் படிக்கு வந்துவிட்டதைச் சொன்ன மாத்திரத்தில் மெலிந்தவர் வெளிறி, கூனி, குறுகிப்போகிறார்; அவருடைய மூட்டைகளும் அட்டைப் பெட்டிகளும்கூடச் சுருங்குகின்றன. ‘நமக்குள் எதற்கு இந்த மரியாதையெல்லாம்’ என்று பருத்தவர் முகம் சுளித்தும் பயனில்லை. அதுவரை வாய்க்கு வாய் ‘நீ’ என்றவர், சொல்லுக்குச் சொல் ஒரு ‘ஸ்’ ஒட்டிப் பேசத் தொடங்குகிறார். ‘ஐயா’ என்று பொருள்படும் ருஷ்யச் சொல் தேய்ந்து மிஞ்சிய ஒலி அது, சிரிப்பின் வாலில்கூட வந்து ஒட்டிக்கொள்கிறது. (தமிழில் இதற்கு நம் ‘ங்க’ ஓரளவு கைகொடுக்கும்; மொழிபெயர்ப்பாளர்கள் யோசிக்கலாம்.)

மேலே இருப்பவர் மிதிக்காதபோதும் கீழே இருப்பவர் ஏன் குனிகிறார் என்பதே அந்தத் திருத்தம் எழுப்பும் கேள்வி. மாடியிலிருந்து பார்ப்பவருக்குக் குனிந்த முதுகு தெரியும்; செகாவ் காட்டுவதோ மெலிந்தவரின் மகன், பள்ளிச் சிறுவன் நஃபனயீல், யாரும் சொல்லாமலே விறைத்து நின்று, தன் சீருடையின் பொத்தான்களை ஒன்றுவிடாமல் பூட்டிக்கொள்வதை.