கையில் ஒரு தாளை எடுங்கள்

கேள்வி: ஆறு வருடமாக கிராஃபிக் டிசைனராக வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் பிரீஃபை, அதாவது கிளையன்ட் தரும் வேலைக் குறிப்பை, படிக்கும்போதே மனதில் படம் ஓடும். இப்போது வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பின்ட்ரெஸ்ட், பிஹான்ஸ் என்று டிசைன் படங்கள் குவிந்திருக்கும் தளங்களை மணிக்கணக்கில் பார்த்துச் சேமித்து வைக்கிறேன். கடைசியில் நான் செய்வது அவற்றில் ஏதோ ஒன்றின் சாயலாகவே வருகிறது. தற்போது ஒரு சிறுவர் நூலகத்துக்கு லோகோ செய்ய வேண்டும். விரித்த புத்தகம், பென்சில், சிரிக்கும் முகம் தவிர ஒன்றும் தோன்றவில்லை. 'எதையாவது எக்ஸ்பெரிமென்ட் பண்ணிப் பார்' என்கிறார்கள். டெட்லைனுக்கு நடுவே எதை, எப்படிப் பரிசோதிப்பது? என் கற்பனை வற்றிவிட்டதா? (ஒரு வாசகி)

பதில்: வற்றவில்லை. செய்தது இன்னொன்றின் சாயலாக இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்கே படுகிறதே, அந்தக் கண் இருக்கும்வரை பயப்பட வேண்டாம். கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தட்டுப்பட்டது வேறு. எல்லா வேலையும் கண்ணாலேயே நடக்கிறது. பார்க்கிறீர்கள், சேமிக்கிறீர்கள், திரும்பவும் பார்க்கிறீர்கள். கைக்கு வேலை வருவதற்குள் அடுத்தவர் செய்த படங்கள் மனதில் குடியேறிவிடுகின்றன. அப்புறம் கை அவற்றைத்தானே வரையும்?

யோசனை முதலில் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று நம் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். நான் மதிக்கும் டிசைன்கள் பிறந்த கதையைத் தேடிப் படித்தால், பெரும்பாலும் வரிசை தலைகீழாக இருக்கிறது. கை ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறது, நடுவில் யோசனை வந்து சேர்ந்திருக்கிறது.

சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1941-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறிய டிசைனர் தம்பதி. ஒட்டுப்பலகையை (பிளைவுட்) எல்லாத் திசையிலும் வளைத்து, உடம்போடு பொருந்தும் நாற்காலி செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்கு ஏற்ற இயந்திரம் கிடைக்கவில்லை. குடியிருந்த வீட்டிலேயே பிளாஸ்டர் அச்சு, மின்சாரச் சூடு, சைக்கிள் பம்பு வைத்து ஒன்றைத் தாங்களே கட்டினார்கள். அதற்கு 'கசாம்' என்று பெயரும் வைத்தார்கள். மெல்லிய மரத்தகடுகளுக்கு இடையில் பசை தடவி அடுக்கி, அச்சில் வைத்து, பம்பால் காற்றடித்து ஒரு பையை உப்ப வைத்து அழுத்துவார்கள். வளைவு அதிகமான இடத்தில் மரம் விரிசல் விடும். பிறகு 1942-ல், அடிபட்ட காலுக்கு அணைகொடுத்துக் கட்டும் பலகையை அமெரிக்கக் கடற்படைக்காக அதே முறையில் செய்தார்கள். தக்க இடங்களில் திறப்பு விட்டால் மரம் விரிசல் விடாமல் வளைந்துகொடுக்கும் என்பது அந்த வேலையில் கைக்குப் பிடிபட்டது. கட்டுத்துணியைக் கோத்துக் கட்டவும் அதே திறப்புகள் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். இருக்கையும் முதுகும் ஒரே பலகையாக வர வேண்டும் என்ற பழைய ஆசையை விட்டுவிட்டு, இரண்டையும் தனித்தனியாக வளைத்தார்கள். இன்று பார்த்த உடனே அடையாளம் தெரிகிற அந்த நாற்காலியின் உருவம், மரம் எங்கே ஒத்துழைக்க மறுத்ததோ அங்கிருந்து வந்தது. வேலைக்கு முன் மாதிரிப் படங்களைச் சேர்த்து ஒட்டிவைக்கும் எந்த மூட் போர்டிலும் அது முன்கூட்டி இருந்திருக்க முடியாது.

சரி, அவர்களுக்கு மரம் இருந்தது, எனக்கு ஒரு லேப்டாப்தான் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். உங்களிடம் தாள் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, மை இருக்கிறது. ஜெர்மனியின் பவுஹவுஸ் டிசைன் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஓவியர் யோசெஃப் ஆல்பர்ஸ் தொடக்க வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்தது வெறும் செய்தித்தாள். இதை வைத்து ஏதாவது செய்யுங்கள், தாளின் இயல்புக்கு மரியாதை கொடுங்கள் என்பார். கோட்டை, கப்பல், விலங்கு என்று விதவிதமாகச் செய்து வைப்பார்களாம். இதையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று கேட்பார். ஒருவர் தாளை வெறுமனே மடித்து நிமிர்த்தி நிற்க வைத்திருந்தார். ஆல்பர்ஸுக்குப் பிடித்தது அதுதான். தொளதொளவென்று படுத்துக்கிடக்கும் தாள், ஒரே மடிப்பில் விறைப்பாகி நிற்கிறது. அது தாளால் மட்டுமே முடியும்.

நீங்கள் செய்யப்போகும் பரிசோதனைக்கும் அப்படி ஒரு கேள்வி வேண்டும். மனம்போன போக்கில் கிறுக்கினால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்கு உதவும் பரிசோதனையில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இதே ஆல்பர்ஸ் 1950-ல் சதுரத்துக்குள் சதுரம் வரையத் தொடங்கி, 1976-ல் இறக்கும்வரை விடவில்லை. அமைப்பு கிட்டத்தட்ட மாறவே மாறாது. நிறம் மட்டும் மாறும். ஆயிரத்துக்கும் மேல் வரைந்திருக்கிறார். அமைப்பு மாறாமல் இருந்ததால்தான், ஒரே மஞ்சள் பக்கத்து நிறத்தைப் பொறுத்து எப்படி வேறு மஞ்சளாகத் தெரிகிறது என்று அவரால் அவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடிந்தது.

வேலையின் வரிசையை மாற்றுவதும் ஒரு நல்ல கேள்வி. துணியில் முதலில் மடிப்புப் போட்டு, அப்புறம் வெட்டித் தைப்பதுதான் வழக்கம். 1980-களின் இறுதியில் ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே அதைத் திருப்பிப் போட்டார். தேவையான அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக உடையைத் தைத்துவிட்டு, தாள்களுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார். ஒரு படியை இடம் மாற்றியதில் வேறொரு உடையே கிடைத்தது. நீங்கள் வழக்கமாக முதலில் ஃபான்ட் தேர்ந்தெடுப்பவர் என்றால், இந்த முறை அதைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். நிறமில்லாமல் தொடங்குபவர் என்றால் நிறத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி உங்கள் நூலகத்துக்கு வருகிறேன். விரித்த புத்தகமும் பென்சிலும் 'புத்தகம்' என்ற எண்ணத்திலிருந்து வந்த படங்கள். கொஞ்ச நேரம் எண்ணத்தை விட்டுவிட்டுப் பொருளிடம் போங்கள். சிறுவர் புத்தகங்கள் சிலவற்றை மேசையில் வையுங்கள். நாற்பக்கமும் திருப்பிப் பாருங்கள். பெரியவர்கள் புத்தகம்போல அவை ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று கைக்குள் அடங்கும், இன்னொன்று மேசையை அடைக்கும். நிமிர்த்தி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று சாயும். அட்டைப் புத்தகத்தின் முனைகள் உருண்டையாக மழுங்கியிருக்கும், குழந்தையின் கையைக் குத்தக்கூடாதல்லவா. இவற்றில் ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள். உதாரணமாக, உயரம் மாறும் நாலைந்து பட்டைகள் எந்தக் கோணத்தில் சாய்ந்தால் புத்தகமாகத் தெரிகின்றன, எந்தக் கோணத்தில் வெறும் கோடாகிவிடுகின்றன?

இதைத் திரையில் செய்ய வேண்டாம். கறுப்புத் தாளைப் பட்டைகளாக வெட்டி, வெள்ளைத் தாள்மேல் நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையையும் போனில் ஒரு படம். கத்தரி சற்றுக் கோணலாகப் போய் ஒரு பட்டை மேலே அகன்று கீழே குறுகும். அதை எறிந்துவிடாதீர்கள், அதையும் வைத்துப் பாருங்கள். மவுஸ் நேர்கோட்டைத்தான் கொடுக்கும், இந்தக் கோணலைத் தானாகக் கொடுக்காது. இன்னொரு நாள் நூலகத்தின் பெயரில் ஒரே ஓர் எழுத்தைப் பக்கம் முழுக்கப் பெரிதாக ப்ரிண்ட் எடுத்து, ஸ்கேனர் ஓடும்போதே தாளை மெல்ல இழுங்கள். எழுத்து அலையாக நீளும். இழுக்கும் வேகத்தை மாற்றினால் அலையும் மாறும். தாளின் பின்பக்கம் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிடித்த ஒன்றைத் திரும்பச் செய்ய வராது.

செய்துகொண்டிருக்கும்போது நல்லதா, கெட்டதா என்று தீர்ப்பு எழுதாதீர்கள். என் அனுபவத்தில் முதலில் வருபவை எல்லாம் ஏற்கெனவே எங்கோ பார்த்தவையாகத்தான் இருக்கும். அவை வெளியே வந்து தீர்ந்தால்தான் அடுத்தது வரும். சோர்ந்துபோய் நிறுத்தத் தோன்றும் இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போங்கள். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் தூரத்திலிருந்து பாருங்கள். ஏன் பிடிக்கிறது என்று உங்களாலேயே சட்டென்று சொல்ல முடியாத ஒன்று அதில் இருக்கும். அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

நேரத்துக்கு எங்கே போவது என்கிறீர்கள். பின்ட்ரெஸ்டில் போகும் மணிக்கணக்கில் முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வேலையைப் பார்ப்பதே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அதில் நானும் நிறையக் கற்றுக்கொண்டவன். ஆனால் அது உங்கள் கையில் ஒன்று உருவான பிறகு இருக்கட்டும். இதே வடிவத்தை வேறு யாராவது லோகோவாக வைத்திருக்கிறார்களா என்று சரிபார்க்க அப்போது நிச்சயம் தேட வேண்டும்.

கிளையன்ட்டிடம் இந்தக் குவியலைக் காட்ட வேண்டாம். பிரீஃபுக்குப் பொருந்தும் ஒன்றையோ இரண்டையோ சுத்தமாக வரைந்து காட்டுங்கள். பொருந்தாதவை ஒரு பெட்டியில் கிடக்கட்டும். வேறொரு வேலைக்கு அவற்றில் ஏதாவது கைகொடுக்கும்.

தனியே எடுத்துவைத்ததைக் கறுப்பு வெள்ளையில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி ப்ரிண்ட் எடுத்துப் பாருங்கள். நூலக அட்டையின் மூலையிலும் புத்தக முதுகில் ஒட்டும் சீட்டிலும் அது அந்த அளவில்தான் இருக்கப்போகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி மை மொத்தையாகத் தெரிந்தால் ஒரு பட்டையைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, திரும்பவும் ப்ரிண்ட் எடுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் சுவரில் இருக்கும் இன்னொன்றை எடுத்து அதையும் இப்படியே சுருக்கிப் பாருங்கள்.