மூணாறு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 49 ஏன் 85 ஆனது? இப்போது எங்கே முடிகிறது?

சாலை மாறவில்லை, எண்ணும் கிழக்கு முனையும்தான் மாறின. பழைய தேசிய நெடுஞ்சாலை 49 கொச்சியில் தொடங்கி மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, தேனி, மதுரை, ராமேஸ்வரம் வழியாகத் தனுஷ்கோடி வரை. ஆனால் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு பல பத்தாண்டுகள் அந்த முனை பெயரளவில்தான் இருந்தது. நல்ல தார்ச்சாலை தனுஷ்கோடியின் நிலம் முடியும் இடமான அரிச்சல்முனையைத் தொட்டதே 2017இல்தான்.

அதற்குள் 2010இல் நாடு முழுக்க எண்களை மாற்றிவிட்டார்கள். கிழக்கு மேற்காக ஓடுபவை ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். நாம் தெற்குக் கோடி, அதனால் 85. அப்புறம், மதுரைக்குக் கிழக்கே இந்தச் சாலையைச் சிவகங்கை வழியாகக் கிழக்குக் கடற்கரை ஊரான தொண்டிக்குத் திருப்பிவிட்டு, ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பகுதிக்கு 87 என்று தனி எண் கொடுத்தார்கள். கொச்சி முனை அப்படியே இருக்கிறது.

தொண்டி என்ற பெயரில் சேரர்களுக்கும் மேற்குக் கரையில் ஒரு துறைமுகம் இருந்தது. குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பாண்டிய நாட்டுத் தொண்டி.

சரி, பழைய 49 என்ன ஆனது? அந்த எண் இப்போது சத்தீஸ்கரின் பிலாஸ்பூரிலிருந்து மேற்கு வங்கத்தின் கரக்பூர் போகும் சாலைக்கு. எங்கள் தோட்டப் பக்கம் பெரியவர்கள் இன்னமும் 'நாப்பத்தொம்பது' என்றுதான் சொல்வார்கள்.